மறைத்ததெல்லாம் காத்ததாகாது
டாமினோ வலைச்செயலி எழுதக் கற்ற அனுபவம்

பேரவையின் இளைய உறுப்பினர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அண்ணா, கம்பெனிகளுக்கு வலைச்செயலி எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது? எந்தப் புத்தகம் வாங்குவது?" புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் நான் கற்ற முறையில் ஒரு பெரிய பிழை இருந்தது. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. வேறொருவர் கொடுத்தார். ஆகவே பாடத்தையும் பிழையையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஷா ஆலாம் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவு என்றால் மூன்று பேர். மின்னஞ்சல், விடுப்பு, கொள்முதல் ஒப்புதல், கூட்டக் குறிப்பு எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. அந்தச் சர்வரின் பெயர் லோட்டஸ் டாமினோ. பல்கலைக்கழகத்தில் நாங்கள் படித்த தரவுத்தளப் பாடத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

டாமினோவின் பின்னணி

ஒரு நிறுவனத்தில் பலர் சேர்ந்து செய்யும் வேலைக்கென்றே உருவானது டாமினோ. இதன் வேரைத் தேடினால் 1973-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கிய பிளேட்டோ கணினி அமைப்பில் 'நோட்ஸ்' என்ற குழு உரையாடல் வசதி அந்த ஆண்டில் எழுதப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தில் படித்த ரே ஓசி, 1984-இல் ஐரிஸ் அசோசியேட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே உருவான லோட்டஸ் நோட்ஸ் 1989-இல் விற்பனைக்கு வந்தது. 1995-இல் ஐ.பி.எம். நிறுவனம் லோட்டசை வாங்கியது. 1996-இல் சர்வருக்கு டாமினோ என்ற பெயர் வந்தது. அதுவரை பெரும்பாலும் நோட்ஸ் மென்பொருளை நிறுவியவர்களே பார்த்த தரவுத்தளங்களை, அதன்பின் எந்த உலாவியிலும் திறக்க முடிந்தது. 2019-இல் இது எச்.சி.எல். நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1976-இல் எச்.சி.எல்.லைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான சிவ் நாடார் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பது நம்மவர்க்கு ஒரு கூடுதல் செய்தி.

ஆவணம், படிவம், காட்சி

டாமினோவில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியவை மூன்று சொற்கள்.

ஆவணம் என்பது தரவு. ஒருவர் விடுப்புக்கு விண்ணப்பித்தால் அது ஓர் ஆவணம். அதனுள் பெயர், தேதி, காரணம் என்று பல உருப்படிகள் இருக்கும். நாம் படித்த தரவுத்தளங்களைப் போல முன்கூட்டியே நெடுவரிசைகளை வரையறுக்க வேண்டியதில்லை. ஓர் ஆவணத்தில் பத்து உருப்படிகளும் அடுத்ததில் பதினைந்தும் இருக்கலாம்.

படிவம் என்பது அந்த ஆவணத்தைப் பார்க்க உதவும் கண்ணாடி. ஒரே ஆவணத்தை இரண்டு படிவங்கள் வழியாகப் பார்த்தால் இரண்டு தோற்றங்கள் கிடைக்கும். ஒரு படிவம் காரணத்தைக் காட்டும், மற்றொன்று காட்டாது. ஆனால் ஆவணத்தினுள் காரணம் அப்படியே இருக்கும். இந்த ஒரு வரியை அன்று நான் புரிந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.

காட்சி என்பது ஆவணங்களின் பட்டியல். ஒரு சூத்திரத்தைக் கொடுத்தால், அதற்குப் பொருந்தும் ஆவணங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தித் தரும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி

டாமினோவை வலைக்குக் கொண்டுவந்தவுடன் இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது. சர்வரின் பெயர், அடுத்துத் தரவுத்தளக் கோப்பின் பெயர், அடுத்துக் காட்சியின் பெயர், அடுத்து ஆவணத்தின் 32 எழுத்து அடையாள எண், கடைசியில் கேள்விக்குறி போட்டு 'ஓப்பன் டாக்குமென்ட்' அல்லது 'எடிட் டாக்குமென்ட்' போன்ற ஒரு கட்டளை. இப்படி எழுதினால் அது ஒரு வலை முகவரி. காட்சிக்கு 'ஓப்பன் வியூ', படிவத்துக்கு 'ஓப்பன் ஃபார்ம்'. 'ரீட் வியூ என்ட்ரீஸ்' என்று கேட்டால் காட்சியின் உள்ளடக்கம் எக்ஸ்.எம்.எல். வடிவில் வந்து நிற்கும்.

இவற்றில் எதற்கும் நாம் நிரல் எழுத வேண்டியதில்லை. சர்வரே தருகிறது. ஒரே வாரத்தில் செயலி தயாராகிவிடுவதற்கு இதுதான் காரணம். நாம் பொத்தான் வைக்காத இடத்துக்கும் வழி இருப்பதற்கும் இதுவே காரணம்.

என் முதல் செயலி

2005-ஆம் ஆண்டு, மின்-விடுப்பு விண்ணப்பம் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. தொழிலாளி விண்ணப்பிப்பார், சூப்பர்வைசர் ஒப்புதல் தருவார், ஷிப்ட் கிளார்க் அதே படிவத்தைத் திறந்து மாற்று ஆளின் பெயரை நிரப்புவார். எம்.சி. என்றால் மருத்துவக் காரணத்தை எழுத ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை மனிதவளப் பிரிவு மட்டுமே பார்க்க வேண்டும் என்பது கட்டளை.

டாமினோவில் 'ஹைட்-வென்' என்று ஒரு மறைப்பு விதி உண்டு. 'இவர் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்றால் இந்தப் பத்தியை மறை' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். எழுதினேன். சூப்பர்வைசர் பெயரில் நுழைந்து பார்த்தேன், பெட்டி தெரியவில்லை. கிளார்க் பெயரில் பார்த்தேன், தெரியவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அதே படிவத்தில் விடுப்பு நாள்களைக் கணக்கிட ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இருந்தது. அது மறைந்த பெட்டி ஒன்றைத் தேடி, கிடைக்காமல் பிழை காட்டியது. படிவத்தின் பண்புகளைத் துழாவினேன். 'எல்லாப் புலங்களுக்கும் எச்.டி.எம்.எல். உருவாக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத் தேர்வு செய்தவுடன் பிழை மறைந்தது. ஏன் மறைந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏனென்றால், மறைக்கப்பட்ட புலங்களையும் சர்வர் அதன்பின் உலாவிக்கு அனுப்பத் தொடங்கியது. திரையில் தெரியாது. ஆனால் பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாக இருக்கும். நான் எழுதிய மறைப்பு விதி திரைக்கு மட்டும்தான்.

மூன்று மாதம் கழித்து, உற்பத்திப் பிரிவில் வேலை செய்த ஓர் அக்கா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். எங்கள் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்தவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"தம்பி, அந்தப் பெட்டியில நான் எழுதுனது யார் யாருக்குத் தெரியும்?"

"மனிதவளப் பிரிவுக்கு மட்டும்தாங்க்கா."

"அப்ப கேண்டீன்ல எப்படித் தெரிஞ்சுச்சு?"

அவர் ஆறு மாதமாக ஒரு சிகிச்சைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். வீட்டிலேயே இரண்டு பேருக்குத்தான் அது தெரியும். பக்கத்தின் மூலத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்த ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார், பிறகு பேசியிருக்கிறார். பேசியவர் மீது நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. ஆனால் சர்வர் அவருக்கு அனுப்பியதைத்தான் அவர் படித்தார். அனுப்பச் சொன்னது நான்.

மறைப்பு விதியைப் பாதுகாப்பாகக் கருதக் கூடாது என்பது டாமினோவின் உதவிக் குறிப்பிலேயே உள்ளது. நான் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. வேலை ஓடினால் போதும் என்று படித்தவன் நான்.

நான்கு முறை திருத்தினேன்

முதல் திருத்தம், அந்தக் கட்டத்தில் இருந்த தேர்வை நீக்கியது. ஜாவாஸ்கிரிப்ட்டை வேறு விதமாக எழுதினேன். அன்றிரவு சாதாரண ஊழியர் ஒருவருக்கான சோதனைக் கணக்கில் நுழைந்து, எனக்குத் தெரிந்த முகவரிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். மனிதவளப் பிரிவுக்காக நான் செய்திருந்த காட்சி அப்படியே திறந்தது. அதன் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் நோட்ஸ் பட்டியலில் அந்தக் காட்சி தெரியாது. ஆனால் முகவரியைத் தட்டினால் திறக்கும். நூற்றுக்கணக்கானவர்களின் காரணங்கள் ஒரே பக்கத்தில் இருந்தன. அன்றுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

இரண்டாவது திருத்தத்துக்கு முன், டாமினோவின் பாதுகாப்பு முறையை முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஏ.சி.எல். எனப்படும் அணுகல் பட்டியல் உண்டு. அதில் ஏழு நிலைகள்: மேனேஜர், டிசைனர், எடிட்டர், ஆத்தர், ரீடர், டெபாசிட்டர், நோ ஆக்சஸ். டெபாசிட்டர் என்பவர் உண்டியலில் காசு போடுபவரைப் போல. போடலாம், திறந்து பார்க்க முடியாது. அடையாளம் சொல்லாமல் வருபவருக்கென்று 'அனானிமஸ்' என்ற பெயரில் ஒரு வரி இல்லாவிட்டால், பட்டியலில் 'டிஃபால்ட்' என்று இருக்கும் உரிமை அவருக்குப் போய்விடும். வலை வழியாக வருபவர்களுக்கான உச்சவரம்பை அதே பட்டியலில் தனியாக வைக்கலாம்.

அதற்கு அடுத்த அடுக்கு, ஆவணத்தின் பாதுகாப்பு. ஓர் ஆவணத்தில் 'ரீடர்ஸ்' வகைப் புலம் இருந்தால், அதிலோ அதே ஆவணத்தின் 'ஆத்தர்ஸ்' வகைப் புலத்திலோ பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த ஆவணம் உண்டு. மற்றவர்களுக்குக் காட்சியிலும் வராது, முகவரியைத் தட்டினாலும் வராது. மேனேஜர் நிலையில் இருப்பவருக்கும் இதே விதிதான். சர்வர் நிர்வாகிக்கென்று உள்ள ஒரு தனி அதிகாரம் மட்டுமே விதிவிலக்கு. 'ஆத்தர்ஸ்' வகைப் புலம், ஆத்தர் நிலையில் உள்ளவர்களில் யார் திருத்தலாம் என்பதைச் சொல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தக் காவல் முழு ஆவணத்துக்கும் உரியது. ஒரு புலத்தை மட்டும் சிலருக்குக் காட்டி, அதே ஆவணத்தின் மற்றப் புலங்களை எல்லோருக்கும் காட்ட இது உதவாது. ஆகவே மருத்துவக் காரணம் விடுப்பு ஆவணத்தில் இருக்கவே கூடாது. அதைத் தனி ஆவணமாகப் பிரித்து, விடுப்பு ஆவணத்தின் கிளையாக வைத்து, அதற்கு ரீடர்ஸ் புலம் போட வேண்டும். இதைச் செய்ய, சேமிக்கும்போது ஓடும் 'வெப் க்வெரி சேவ்' ஏஜெண்ட் ஒன்றை லோட்டஸ்ஸ்கிரிப்ட்டில் எழுதினேன். சோதித்தேன். எல்லோருக்கும் தெரிந்தது!

காரணம் இதுதான்: லோட்டஸ்ஸ்கிரிப்ட்டில் ஓர் உருப்படியை உருவாக்கி 'ரீடர்ஸ்' என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. அது வெறும் எழுத்துதான். 'இஸ் ரீடர்ஸ்' என்ற பண்புக்கு 'ட்ரூ' என்று கொடுத்தால்தான் அது காவலாகும். பெயர்களையும் முழு வடிவில் எழுத வேண்டும். சுருக்கமாக எழுதினால் உரியவரையே சர்வர் அடையாளம் காணாது. இது மூன்றாவது திருத்தம்.

நான்காவது, காலியான புலம். ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய மனிதவள அதிகாரியின் பெயரை வேறொரு பட்டியலிலிருந்து எடுத்து ரீடர்ஸ் புலத்தில் இட்டேன். ஒரு பிரிவுக்கு மட்டும் அந்தப் பெயர் நிரப்பப்படாமல் இருந்தது. ரீடர்ஸ் புலம் காலியாக இருந்தால் யாருக்கும் தெரியாது என்று நாம் நினைப்போம். உண்மையில், தரவுத்தளத்தைப் படிக்க உரிமையுள்ள எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து என் ரீடர்ஸ் புலம் எதிலும் மனிதவளப் பிரிவுக்குரிய 'ரோல்' ஒன்றையும் சர்வர் குழுவின் பெயரையும் நிலையாக எழுதி வைக்கிறேன். சர்வரின் பெயர் இல்லாவிட்டால், மற்றொரு சர்வரில் உள்ள பிரதிக்கு அந்த ஆவணம் போய்ச் சேராது.

ஏஜெண்ட் யாருடைய பெயரில் ஓடுகிறது?

இன்னொரு பாடம் தற்செயலாகக் கிடைத்தது. விடுப்பு ஆவணங்களைத் தேடிப் பட்டியல் தரும் ஏஜெண்ட் ஒன்றும் எழுதியிருந்தேன். சோதனைக் கணக்கில் அதை ஓட்டியபோது, கிளை ஆவணங்களில் இருந்த காரணங்களும் அந்தப் பட்டியலில் வந்தன. ரீடர்ஸ் புலம் சரியாகவே இருந்தது. பிறகு எப்படி?

வலையில் ஓடும் ஏஜெண்ட், இயல்பாக அதில் கையொப்பமிட்ட நிரலாளரின் உரிமையில் ஓடும். பக்கத்தைத் திறந்த பயனரின் உரிமையில் ஓடாது. சோதனைக்காக என் பெயரையும் ரீடர்ஸ் புலத்தில் சேர்த்து வைத்திருந்தேன். ஆக, யார் கேட்டாலும் எனக்குத் தெரிவதையெல்லாம் ஏஜெண்ட் எடுத்துக் கொடுத்தது. 'வலைப் பயனராக ஓடு' என்ற தேர்வை ஏஜெண்டின் பண்புகளில் வைத்தால், அது பயனரின் உரிமையோடு நின்றுவிடும். அதை வைத்தேன். என் பெயரையும் புலத்திலிருந்து நீக்கினேன். நிரல் எழுதியவன் என்பதற்காக அந்த அக்காவின் நோயை நான் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

எந்த வரிசையில் கற்பது?

மாணவ நண்பர்களே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் முதலில் படிவம் வரையக் கற்றேன், அடுத்து ஜாவாஸ்கிரிப்ட், அடுத்து ஏஜெண்ட், கடைசியாகப் பாதுகாப்பு. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் படியுங்கள்.

முதலில், யார் எதைப் பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இடப்பக்கம் ஆட்கள், மேலே தகவல்கள். ஒரே ஆவணத்தில் இருவேறு ஆட்களுக்குரிய தகவல் இருந்தால், அங்கேயே ஆவணத்தைப் பிரியுங்கள். இது கணினியைத் தொடுவதற்கு முன் முடிய வேண்டிய வேலை.

இரண்டாவது, அணுகல் பட்டியலையும் ரீடர்ஸ், ஆத்தர்ஸ் புலங்களையும் படியுங்கள். ரீடர்ஸ் புலம் உள்ள ஆவணங்கள் பல்லாயிரக்கணக்கில் இருந்தால் காட்சி மெதுவாகத் திறக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு, தேவையான இடத்தில் மட்டும் வையுங்கள்.

மூன்றாவது, சோதனைக் கணக்குகள். சாதாரண ஊழியர், சூப்பர்வைசர், கிளார்க், மனிதவள அதிகாரி, அடையாளம் சொல்லாமல் வருபவர் என்று ஐந்து பேராக நுழைந்து பாருங்கள். திரையைப் பார்ப்பதோடு நிற்காமல் பக்கத்தின் மூலத்தையும் பாருங்கள். நீங்கள் பொத்தான் வைக்காத முகவரிகளையும் தட்டிப் பாருங்கள்.

நான்காவதாகத்தான் படிவத்தின் அழகு. பெயர்களைத் தமிழில் காட்ட வேண்டுமென்றால், சர்வரின் வலை அமைப்பில் வெளியீட்டுக்கு யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.

டாமினோ உங்கள் கைக்கு வராமலே போகலாம். 2009-இல் எக்ஸ்பேஜஸ் என்ற புதிய முறை அதில் வந்தது. அதற்குள் பல நிறுவனங்கள் மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயிண்ட் பக்கம் போய்விட்டன. அங்கேயும் கதை இதுதான். ஒரு பட்டியலின் காட்சியிலிருந்து நெடுவரிசையை எடுத்துவிட்டால் அது கண்ணுக்குத்தான் மறையும். பட்டியலைப் படிக்கும் உரிமை உள்ளவர் வேறு வழியில் கேட்டால் சர்வர் கொடுத்துவிடும். நாளை நீங்கள் எந்தத் தளத்தில் எழுதினாலும், சர்வர் எதை அனுப்புகிறது என்று பாருங்கள்.

இப்போது சட்டமும் வந்துவிட்டது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் உடல்நிலை பற்றிய தகவலை அது உணர்வுக்குரிய தரவாக வகைப்படுத்தித் தனிக் கவனம் கோருகிறது. நான் எழுதிய காலத்தில் அந்தச் சட்டம் இல்லை. அதனால் என் பிழை சிறியதாகிவிடவில்லை.

எல்லாம் சரியான பிறகு அந்த அக்காவைக் கேண்டீனில் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இனி மனிதவளப் பிரிவைத் தவிர யாரும் பார்க்க முடியாது, நானே பார்க்க முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, நீ வேணும்னு செய்யல" என்றார்.

ஆனால் அதன்பின் அவர் எம்.சி. விண்ணப்பமே போடவில்லை என்று மனிதவள அதிகாரி ஒருநாள் என்னிடம் சொன்னார். சிகிச்சைக்குப் போகும் நாள்களுக்கெல்லாம் தம் ஆண்டு விடுப்பையே எடுத்துக்கொண்டாராம். காரணப் பெட்டியில் ஒவ்வொரு முறையும் 'சொந்த வேலை' என்று மட்டும் எழுதினாராம். அந்தப் பெட்டி அப்போது சரியாகத்தான் பூட்டப்பட்டிருந்தது.